மரணப் படுக்கையில் யாருடைய குரல்? இங்கிலாந்தின் தொண்ணூறாண்டு விவாதமும் திருச்சபையும்

2025ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் பொதுமக்கள் சபை, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய ஒரு மசோதாவை 314க்கு 291 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேற்றிப் பிரபுக்கள் சபைக்கு அனுப்பியது. ஆறு மாதங்களுக்குள் இறக்கக்கூடும் என்று எதிர்பார்க்கப்படும் நோயாளி ஒருவர், வயது வந்தவராகவும் தெளிந்த மனத்தினராகவும் இருந்து, தாமே விரும்பிக் கேட்பாராயின், மருத்துவரிடம் மருந்து பெற்றுத் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்ள இடமளிப்பது அம்மசோதாவின் நோக்கமாகும். ஆதரித்தோருக்கும் எதிர்த்தோருக்கும் இடையே இருந்த வேறுபாடு 23 வாக்குகளே. கிறிஸ்தவர்கள் இரு பக்கங்களிலும் இருந்தனர்.

இவ்விவாதம் திடீரெனத் தோன்றியதன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அந்நாட்டில் நடந்துவரும் உரையாடலின் அண்மைக்கால நிகழ்ச்சியே இது. அவ்வுரையாடலில் திருச்சபை தொடக்கமுதல் பங்குகொண்டது. சில வேளைகளில் தெளிவாகவும், சில வேளைகளில் தடுமாற்றத்துடனும் பேசியது. இவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். உயிரை முடிக்க அனுமதிக்கலாமா, கூடாதா என்பதே இங்கு எழும் ஒரே கேள்வி என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் வரலாற்றைக் கூர்ந்து நோக்கும்போது அதற்கு அடியில் வேறொரு கேள்வி கிடப்பதைக் காண்கிறோம். மரணப் படுக்கையில் முடிவு செய்வது யார்? அங்கே யாருடைய குரல் கேட்கப்படுகிறது? இதுவே அக்கேள்வி.

சொற்களைப் பற்றி

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் நலம். கருணைக்கொலை என்னும் சொல் நம் மொழியில் வேரூன்றிவிட்டது. ஆயினும் வேறுபட்ட நான்கு செயல்களை அவ்வொரு சொல்லால் குறிப்பிட்டுவிடுகிறோம். பயனற்றுப்போன சிகிச்சையை நிறுத்திவிடுதல் ஒன்று. வலியைத் தணிக்க மருந்து கொடுக்கையில் ஆயுள் சிறிது குறையக்கூடும் என அறிந்தும் கொடுத்தல் இரண்டாவது. நோயாளி கேட்டுக்கொண்டதன் பேரில் மருத்துவரே ஊசியால் உயிரை முடித்தல் மூன்றாவது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை நோயாளி தாமே உட்கொண்டு இறத்தல் நான்காவது. இந்நான்காவதையே உதவிபெற்று இறத்தல் என்று இக்கட்டுரையில் அழைக்கிறோம். இவற்றினின்றும் முற்றிலும் வேறானது, நோயாளி கேளாமலே அவர் உயிரை முடித்தல். இவ்வேறுபாடுகளை மறந்துவிட்டு நடத்தப்படும் விவாதம் எவ்விதத் தெளிவுக்கும் நம்மைக் கொண்டுசெல்லாது.

லெஸ்டர் நகரில் ஒரு தொடக்கம்

1931ஆம் ஆண்டு லெஸ்டர் நகரத்தின் சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர் கில்லிக் மில்லார்ட், சுகாதார அதிகாரிகள் சங்கத்திற்கு ஆற்றிய தலைமையுரையில், தீராத கொடிய நோயால் இறந்துகொண்டிருப்போர் தாமே கேட்டுக்கொண்டால் அவர்களுக்கு வலியற்ற மரணத்தைச் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்று வாதாடினார். ஒரு மசோதாவின் வரைவையும் உடன் வெளியிட்டார். அக்காலத்தில் கொள்ளை நோய்கள் கட்டுப்படத் தொடங்கியிருந்தன; புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களால் இறப்போர் தொகை பெருகிவந்தது. மரணம் விரைவாக வரும் நிலை மாறி, மெல்ல மெல்ல வருவதாயிற்று. இம்மாற்றமே மில்லார்டின் வாதத்திற்குப் பின்னணி.

1935இல் இக்கோரிக்கைக்கென ஒரு சங்கம் நிறுவப்பட்டது. புகழ்பெற்ற அறுவை மருத்துவராகிய மொய்னிஹன் பிரபு அதன் முதல் தலைவரானார். இவ்வியக்கத்தைத் திருச்சபைக்குப் புறம்பான ஒன்றென்று கருதுதல் பிழையாகும். இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் தலைமைக் குருவாக 1934 வரை இருந்த டபிள்யூ. ஆர். இஞ்சும், அவருக்குப் பின் அப்பதவியை வகித்த டபிள்யூ. ஆர். மாத்யூஸும் இக்கோரிக்கையை ஆதரித்தனர். தீராத வேதனையில் கிடப்பவரை அந்நிலையிலேயே நீடிக்கச் செய்வது கடவுளின் சித்தம் என்று எவ்வாறு துணிந்து கூறலாம் என்பது அவர்தம் ஐயம். உயிர் கடவுளின் கொடை. கொடையைத் திருப்பித் தரும் வேளையை நாம் குறிக்கலாகாது என்பது எதிர்த்தோரின் விடை. பின்வந்த விவாதங்கள் யாவற்றிலும் இவ்விரு குரல்களும் மீண்டும் மீண்டும் ஒலிப்பதைக் காணலாம்.

1936: ஓராண்டில் இரு நிகழ்ச்சிகள்

1936ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், இக்கோரிக்கை பிரபுக்கள் சபையில் மசோதாவாக விவாதத்திற்கு வந்தது. மொய்னிஹன் அதற்குச் சில மாதங்களுக்கு முன் இறந்துவிட்டமையால் பொன்சன்பி பிரபு அதை முன்மொழிந்தார். நோயாளி 21 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். சாட்சிகள் முன்னிலையில் விண்ணப்பத்தில் கையொப்பமிடுதல் வேண்டும். மருத்துவர் இருவர் சான்றளித்தல் வேண்டும். அரசு நியமிக்கும் நடுவர் ஒருவர் நேரில் கண்டு விசாரித்தல் வேண்டும் என்றெல்லாம் அதில் விதிக்கப்பட்டிருந்தது.

மசோதாவை எதிர்த்தோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் அரச குடும்ப மருத்துவராகிய பென் ஊர் டாசன் பிரபு. மரணத்தை அமைதியுள்ளதாக்குவது மருத்துவர் கடமை என்பதை அவர் மறுக்கவில்லை. நல்ல மருத்துவர்கள் அதை ஏற்கெனவே செய்துவருகின்றனர், ஆதலின் சட்டம் வேண்டியதில்லை, விண்ணப்பமும் விசாரணையும் நோயாளியின் அறைக்குள் நுழைதல் தகாது என்றார். மற்றவர் காண்டர்பரிப் பேராயர் காஸ்மோ லாங். தன் உயிரைத் தானே முடிக்கும் உரிமை மனிதனுக்கு இல்லை என்று கூறிய அவரும், விதிவிலக்கான நிலைமைகள் இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, அவற்றை மருத்துவரின் பொறுப்புணர்ச்சிக்கு விட்டுவிடுதலே நலம் எனக் கருதினார். மசோதா 35க்கு 14 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது.

இவ்விவாதத்தின் உட்பொருள் ஐம்பது ஆண்டுகள் கழித்தே உலகிற்கு விளங்கிற்று. அதே ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் இரவு ஐந்தாம் ஜார்ஜ் அரசர் சாண்ட்ரிங்ஹம் மாளிகையில் இறந்தார். அரசரின் வாழ்வு அமைதியாக முடிவை நோக்கிச் செல்கிறது என்று நாட்டிற்கு அறிவித்தவர் டாசனே. பேராயர் லாங் அவ்விரவில் அரசரின் படுக்கையருகே ஜெபித்தார். அன்றிரவு 11 மணியளவில் டாசன் அரசரின் கழுத்து நரம்பில் மார்ஃபினும் கொக்கெயினும் செலுத்தினார். நள்ளிரவுக்குச் சில நிமிடங்களுக்கு முன் அரசர் உயிர் நீத்தார். இதை டாசன் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். மரணச் செய்தி மாலைப் பத்திரிகைகளில் அன்றி, மறுநாள் காலைப் பத்திரிகைகளில் முதலில் வெளிவருவது தகுதியாயிருக்கும் என்ற எண்ணமும் அச்செயலுக்கு ஒரு காரணம் என்று அக்குறிப்பு கூறுகிறது. டாசனின் வாழ்க்கை வரலாற்றை 1950இல் எழுதிய பிரான்சிஸ் வாட்சன் அந்நூலில் இதைச் சேர்க்கவில்லை; 1986இல்தான் இதை ஒரு கட்டுரையில் வெளியிட்டார்.

இங்கு நாம் நின்று சிந்திக்க வேண்டும். நோயாளியின் விருப்பத்தை எழுத்தில் பெற்று, சாட்சிகள் முன் உறுதிசெய்து, நடுவர் விசாரித்த பின்னரே செயற்பட வேண்டும் என்ற சட்டத்தை வேண்டாம் என்றவர், அதே ஆண்டில் ஒரு நோயாளியைக் கேளாமலே அவர் உயிரை முடித்திருந்தார். அரசரை இரக்கமின்றி நடத்தினார் என்று டாசனை நாம் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் அவர் பாதுகாக்க விரும்பியது உயிரின் புனிதத்தை அன்று, மருத்துவரின் தனியுரிமையை. மருத்துவரின் பொறுப்புக்கு விட்டுவிடலாம் என்ற பேராயரின் வாதம், எண்ணாமலே அத்தனியுரிமைக்குத் துணைநின்றது. சட்டம் வேண்டாம் என்றதில் திருச்சபை தவறியது என்று நாம் கூறவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதைப்பற்றிக் கேளாதிருந்ததே அதன் குறை.

ஜெர்மனியின் நிழல்

நோயாளியின் குரலைக் கேளாத மருத்துவம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனி காட்டிற்று. 1939 செப்டம்பர் 1 என்ற தேதியிடப்பட்ட ஒரு கடிதத்தின் மூலம், தீராத நோயாளிகளுக்குக் கருணை மரணம் அளிக்கும் அதிகாரத்தை ஹிட்லர் சிலருக்கு வழங்கினார். 1940 ஜனவரி முதல் 1941 ஆகஸ்டு வரை மனநோயாளிகளும் ஊனமுற்றோருமாக 70,000க்கு மேற்பட்டோர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் கொலைகள் மறைவாகத் தொடர்ந்தன. அவர்களுள் எவரும் மரணத்தைக் கேட்டவரல்லர்.

வுர்ட்டம்பெர்க் லூத்தரன் பேராயர் தியோஃபில் வூர்ம் 1940 ஜூலையில் அரசுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். போதகர் பவுல் பிரௌனே சான்றுகளைத் திரட்டி விண்ணப்பம் அளித்துச் சிறைசென்றார். 1941 ஆகஸ்டில் கத்தோலிக்க ஆயர் வான் காலென் பிரசங்க மேடையிலிருந்தே இக்கொலைகளைக் கண்டித்தார். எனினும் திருச்சபையின் நிறுவனங்களுள் சில, தம் பராமரிப்பில் இருந்தோரை அரசு வண்டிகளில் ஏற்றிச்செல்ல விட்டுவிட்டன என்பதையும் மறைத்தல் ஆகாது.

போருக்குப்பின் இங்கிலாந்தில் சட்டமாற்றம் கோரியோர் நெடுங்காலம் தளர்வுற்றனர். கேட்டுப் பெறும் மரணம் வேறு, கேளாதவரைக் கொல்லுதல் வேறு என்று அவர்கள் கூறியது உண்மையே. ஆயினும் வாழத் தகுதியற்ற உயிர் என்று ஒரு சமுதாயம் எவரையேனும் எண்ணத் தொடங்கினால், கேட்டல் என்பதே காலப்போக்கில் கேட்கவைத்தலாக மாறிவிடுமோ என்ற அச்சம் அன்று பிறந்தது. ஊனமுற்றோரின் அமைப்புகள் பலவற்றில் அவ்வச்சம் இன்றளவும் இருந்துவருகிறது.

நீதிமன்றமும் சட்டமும்: 1957, 1961

1957இல் ஜான் பாட்கின் ஆடம்ஸ் என்னும் மருத்துவர், தம் நோயாளி ஒருவரை அபினிவகை மருந்துகளால் கொன்றார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். நீதிபதி டெவ்லின், வலியையும் வேதனையையும் தணிக்கத் தக்கதும் தேவையானதுமாகிய மருந்தை மருத்துவர் கொடுக்கலாம். அதன் விளைவாக ஆயுள் சிறிது குறைந்தாலும் அது கொலையாகாது என்று நடுவர் குழுவினருக்கு விளக்கினார். ஆடம்ஸ் விடுதலை பெற்றார். ஒரு செயல் இருவகைப் பயன் தரும்போது, நாடிய பயனையே கருத்திற்கொள்ள வேண்டும் என்னும் பழைய ஒழுக்க இறையியல் கோட்பாடு இவ்வாறு நீதிமன்றத்தில் இடம்பெற்றது.

1961இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற நிலை இங்கிலாந்தில் நீக்கப்பட்டது. இம்மாற்றத்திற்கு இங்கிலாந்துத் திருச்சபை தடையாயிருக்கவில்லை. 1959இலேயே அதன் குழுவொன்று இவ்விடயத்தை ஆராய்ந்து மாற்றத்தை ஆதரித்திருந்தது. மனம் முறிந்தவனுக்குச் சிறை மருந்தாகாது என்பதைத் திருச்சபை உணர்ந்திருந்தது. ஆனால் அதே சட்டம், பிறர் தற்கொலைக்கு உதவுவோருக்கு 14 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதித்தது. தானே செய்தால் குற்றமன்று, உதவியவருக்கோ குற்றம் என்ற இந்நிலையே பின்வந்த வழக்குகள் பலவற்றிற்கும் காரணமாயிற்று.

சிசிலி சாண்டர்ஸ்: கட்டடமாக எழுந்த விடை

இவ்வரலாற்றில் திருச்சபைக்குப் பெருமை தரும் அத்தியாயம் ஒன்று உண்டு. அது பாராளுமன்றத்தில் எழுதப்பட்டதன்று. சிசிலி சாண்டர்ஸ் 1918இல் பிறந்தவர். செவிலியராகப் பயின்று, முதுகுவலி காரணமாக அப்பணியை விட்டு, மருத்துவமனையில் சமூகநலப் பணியாளரானார். 1945இல் கிறிஸ்தவ விசுவாசத்தை உறுதியாகப் பற்றிக்கொண்டார். 1948இல் இலண்டனில் புற்றுநோயால் இறந்த டேவிட் டாஸ்மா என்னும் போலந்து நாட்டு யூத அகதியைச் சந்தித்தமை அவர் வாழ்வைத் திருப்பியது. உற்றார் எவருமின்றி இறந்துகொண்டிருந்த அவருடன் சாண்டர்ஸ் நெடுநேரம் உரையாடினார். தம்மைப் போன்றோருக்கென எழவேண்டிய இல்லம் ஒன்றில் ஒரு சன்னலாகத் தாம் இருக்க விரும்புவதாகக் கூறி, அவர் 500 பவுன் விட்டுச்சென்றார்.

இறப்போருக்காக ஏதேனும் செய்ய விரும்பினால் மருத்துவராக வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்ட சாண்டர்ஸ், முப்பது வயதைத் தாண்டிய பின் மருத்துவம் பயின்று 1957இல் தேறினார். 1958 முதல் ஹாக்னியில் கத்தோலிக்கச் சகோதரிகள் நடத்திய தூய யோசேப்பு இல்லத்தில் பணியாற்றினார். அக்காலத்தில் வலி தாங்காமல் நோயாளி கதறிய பின்னரே மார்ஃபின் கொடுப்பது பொதுவான வழக்கம். அடிமைப்பழக்கம் உண்டாகிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். சாண்டர்ஸ் வலி எழுவதற்கு முன்பே, குறித்த நேரங்களில், வாய்வழியாக மருந்து கொடுத்தார். வலி அடங்கிய நோயாளிகள் தெளிந்த மனத்துடன் உண்டனர், உரையாடினர். உடல்வலி மட்டுமன்றி, மனவேதனை, குடும்பக் கவலை, ஆன்மீகக் கலக்கம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே இறப்போரின் வலி என்று அவர் கற்பித்தார். இதை அவர் அறிந்துகொண்டது நோயாளிகளின் சொற்களைக் கவனமாகக் கேட்டதனாலேயே.

1967இல் தென் இலண்டனில் சிடன்ஹம் பகுதியில் தூய கிறிஸ்தோபர் இல்லம் திறக்கப்பட்டது. இறுதிநிலை நோயாளரைப் பராமரித்தல், ஆராய்ச்சி, போதனை ஆகிய மூன்றையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்த முதல் ஹாஸ்பிஸ் அதுவே. டாஸ்மாவின் சன்னலும் அங்கு அமைந்தது. 1969இல் ராக்லன் பிரபு கொண்டுவந்த மசோதா 61க்கு 40 என்ற கணக்கில் பிரபுக்கள் சபையில் தோற்றபோது, எதிர்த்தோரிடம் 1936இல் இல்லாத ஒரு விடை இருந்தது. வேதனையை நீக்க வேதனைப்படுபவரை நீக்க வேண்டியதில்லை என்பதை வாதத்தால் அன்றி ஓர் இல்லத்தால் காட்ட முடிந்தது. 1975இல் இங்கிலாந்துத் திருச்சபையின் சமூகப் பொறுப்புக் குழு நன்கு இறத்தலைப்பற்றி வெளியிட்ட அறிக்கையும், சட்டமாற்றத்தை மறுத்து, இத்தகைய பராமரிப்பு பரவவேண்டும் என வற்புறுத்தியது. சாண்டர்ஸ் 2005இல் தாம் நிறுவிய இல்லத்திலேயே இறந்தார்.

நோயாளிகள் தாமே பேசத் தொடங்கினர்

ஆயினும் பராமரிப்பு எல்லாக் கேள்விகளுக்கும் விடையளித்துவிட்டது என்று கூறுதற்கில்லை. 1989இல் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்க நெரிசலில் மூளை பாதிக்கப்பட்டு உணர்விழந்த டோனி பிளாண்ட் என்னும் இளைஞருக்குக் குழாய்வழி ஊட்டப்பட்ட உணவை நிறுத்தலாம் என்று 1993 பிப்ரவரியில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். பயனற்ற சிகிச்சையை நிறுத்துதல் வேறு, உயிரை முடிக்கும் செயல் வேறு என்ற வரம்பை அவர்கள் வகுத்தனர். ஆனால் தம் விருப்பத்தை முன்கூட்டித் தெரிவிக்காத ஒருவருக்காக யார் பேசுவது என்ற கேள்வி எழுந்தது. 2005இல் இயற்றப்பட்ட மனத்திறன் சட்டம், தமக்கு வேண்டாத சிகிச்சையை முன்னரே எழுதி மறுக்கும் உரிமையை உறுதிசெய்தது.

இதற்கிடையே டயான் பிரெட்டி என்னும் பெண்மணி நீதிமன்றத்தை நாடினார். இயக்க நரம்பணு நோயால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த அவர், தாம் இறப்பதற்குக் கணவர் உதவினால் அவர்மீது வழக்குத் தொடரலாகாது என்ற உறுதியைக் கேட்டார். 2001 நவம்பரில் பிரபுக்கள் சபை நீதிபதிகளும், 2002 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் மறுத்துவிட்டனர். அடுத்த மாதம் அவர் இறந்தார். பின்னர் டெபி பர்டி தொடுத்த வழக்கில், எந்நிலையில் வழக்குத் தொடரப்படும் என்பதை அரசு வழக்குத் துறை தெளிவாக்க வேண்டும் என 2009இல் தீர்ப்பாயிற்று. 2010 பிப்ரவரியில் நெறிமுறைகள் வெளிவந்தன. பர்டி 2014இல் இறந்தார். பிரெட்டி, பர்டி இருவருமே ஹாஸ்பிஸ் இல்லங்களில் இறந்தனர் என்பது நம் கவனத்திற்குரியது. ஹாஸ்பிஸ் ஒரு பக்கம், சட்டமாற்றம் கோருவோர் மறுபக்கம் என்று மேடைகளில் பிரித்துப் பேசுகிறோம். நோயாளியின் வாழ்விலோ இரண்டும் ஒரே படுக்கையருகே சந்திக்கின்றன.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1997 முதல் இத்தகைய சட்டம் நடைமுறையில் உள்ளது. அங்கு மருந்து பெற்றோர் கூறிய காரணங்களை அம்மாநில அரசு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. உடல்வலியைக் காட்டிலும், தம் வாழ்வைத் தாமே நடத்தும் ஆற்றலை இழத்தல், மகிழ்ந்து செய்தவற்றைச் செய்யவியலாமை, மாண்பு குன்றுதல் ஆகியவற்றையே மிகுதியாகக் கூறினர். குடும்பத்தாருக்குச் சுமையாகிவிடுவோம் என்ற கவலையைக் கூறியோரும் கணிசமானவர். வலியை நீக்கிவிட்டால் மரணத்தைக் கேட்போர் இல்லாமற்போவர் என்ற எதிர்பார்ப்பு முற்றிலும் நிறைவேறவில்லை என்பதை நாம் நேர்மையோடு ஏற்கவேண்டும். அதே வேளையில், பிறருக்குச் சுமையாயிருக்கிறேன் என்ற எண்ணத்தினின்று பிறக்கும் தெரிவு எந்த அளவு விடுதலையுள்ள தெரிவு என்று கேட்கவும் வேண்டும்.

திருச்சபைக்குள் இருவேறு மனச்சாட்சிகள்

2006இல் ஜாஃபி பிரபுவின் மசோதா 148க்கு 100 என்ற கணக்கில் தடுக்கப்பட்டது. 2014இல் காண்டர்பரியின் முன்னாள் பேராயர் ஜார்ஜ் கேரி, தாம் நெடுங்காலம் கொண்டிருந்த எதிர்ப்பைக் கைவிட்டுச் சட்டமாற்றத்தை ஆதரிப்பதாக அறிவித்தார். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவும் அக்கருத்தை வெளியிட்டார். பதவியிலிருந்த பேராயர் ஜஸ்டின் வெல்பி எதிர்ப்பில் நிலைத்துநின்றார். 2015 செப்டம்பரில் பொதுமக்கள் சபை இத்தகைய மசோதாவை 330க்கு 118 என்ற கணக்கில் நிராகரித்தது. ஒன்பதாண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 29 அன்று, கிம் லெட்பீட்டர் கொண்டுவந்த மசோதா 330க்கு 275 என்ற கணக்கில் முதற்கட்ட ஆதரவைப் பெற்றது. இரு மருத்துவர்களுக்கு மேலாக, சட்ட வல்லுநர், மனநல மருத்துவர், சமூகப் பணியாளர் ஆகியோர் அடங்கிய குழு ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஆராயும் என்ற விதி பின்னர் சேர்க்கப்பட்டது.

எதிர்த்தோருள் இலண்டன் பேராயராயிருந்த சாரா முலாலியின் குரல் குறிப்பிடத்தக்கது. திருப்பணிக்கு வருமுன் அவர் செவிலியர். இங்கிலாந்தின் தலைமைச் செவிலிய அதிகாரியாகவும் இருந்தவர். 2025 அக்டோபரில் அடுத்த காண்டர்பரிப் பேராயராக அறிவிக்கப்பட்டார். வலுவற்றோர்மேல் சொல்லாமல் சுமத்தப்படும் நெருக்கடியைப்பற்றியும், நோய்த்தணிப்புப் பராமரிப்பு அனைவருக்கும் கிட்டாத நிலையைப்பற்றியும் அவர் எச்சரித்தார். ஹாஸ்பிஸ் இயக்கம் பிறந்த அந்நாட்டிலேயே, அவ்வில்லங்களின் செலவில் பெரும்பகுதி இன்னும் பொதுமக்களின் நன்கொடையையே நம்பியிருக்கிறது. மரணத்திற்கு உதவுதல் அரசின் சேவையாகவும், மரணம்வரை உடனிருத்தல் தருமமாகவும் ஆகிவிடலாமா என்ற கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

நம் நாட்டில்

இங்கிலாந்தின் இவ்வழக்குகள் நம் நாட்டின் சட்டத்தையும் உருவாக்கியுள்ளன. மும்பை மருத்துவமனையில் தாக்கப்பட்டு 1973 முதல் உணர்விழந்து கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக் பற்றிய வழக்கில், 2011 மார்ச் 7 அன்று உச்சநீதிமன்றம் பிளாண்ட் தீர்ப்பைப் பெரிதும் எடுத்தாண்டது. உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துதல் உயர்நீதிமன்றத்தின் அனுமதியுடன் கூடும் என்று கூறியது. ஆனால் அருணாவின் பொருட்டு ஓர் எழுத்தாளர் அளித்த மனுவை ஏற்கவில்லை. அவரைப் பல்லாண்டுகள் பராமரித்துவந்த மருத்துவமனைப் பணியாளர்களே அவர் சார்பில் பேசத் தகுதியுடையோர் என்றும், அவர்கள் அவர் வாழ்வதையே விரும்புகின்றனர் என்றும் நீதிமன்றம் கண்டது. அருணா 2015இல் இயற்கையாக இறந்தார்.

2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, மாண்புடன் இறத்தல் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்றும், வேண்டாத சிகிச்சையை மறுத்து ஒருவர் முன்கூட்டியே உயில்போல் எழுதிவைக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறை எளிதாக்கப்பட்டது. நோட்டரி அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரி முன்னிலையில் அதில் கையொப்பமிடலாம். மருத்துவர் உதவியுடன் உயிரை முடிப்பதற்கு இத்தீர்ப்புகள் இடமளிக்கவில்லை. நம் நாட்டின் வேறொரு குறையையும் சுட்டவேண்டும். 1985இன் போதைமருந்துச் சட்டம் விதித்த கட்டுப்பாடுகளால், புற்றுநோயாளிகளுக்கு வேண்டிய மார்ஃபின் பல மருத்துவமனைகளில் கிடைக்காமற்போயிற்று. 2014இல் சட்டம் திருத்தப்பட்டபோதிலும், சட்டம் மாறிய வேகத்தில் மருத்துவர்களின் பழக்கமும் அச்சமும் மாறிவிடுவதில்லை. வலி தணிக்கப்படாத நோயாளி சாவை விரும்புகிறேன் என்று கூறுவாராயின், அதை அவருடைய தெரிவு என்று எவ்வாறு கொள்வது?

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்பவை யாவை? நோயாளியின் உயிரை முடிக்க உதவும் சட்டத்தைத் திருச்சபை எதிர்ப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்றே நாம் கருதுகிறோம். முதியோரும் ஊனமுற்றோரும் தாங்கள் சுமையென்று உணரும் சமுதாயத்தில், விருப்பம் என்ற பெயரில் கடமையுணர்ச்சி அவர்களை மரணத்திற்குத் தள்ளக்கூடும். ஆனால் அவ்வெதிர்ப்பு 1936ஆம் ஆண்டின் அடிப்படையில் அமைதல் கூடாது. எல்லாவற்றையும் அறிந்தவர்களிடம் விட்டுவிடுவோம், வெளியே பேசவேண்டா என்ற நிலை உயிரைக் காக்கவில்லை. நோயாளியின் வாயை மட்டுமே அடைத்தது. நம் குடும்பங்களிலும் இவ்வழக்கம் உண்டு. நோயின் பெயரை நோயாளியிடம் மறைத்து, மருத்துவரும் உறவினரும் தனியே கூடி முடிவுசெய்வதை அன்பின் அடையாளமாகக் கொள்கிறோம்.

எரிகோ வழியோரத்தில் கூக்குரலிட்ட குருடனை அழைத்து, அவன் தம்மிடம் வேண்டுவது யாது என்று ஆண்டவர் வினவினார். அவன் தேவை எல்லார் கண்ணுக்கும் தெரிந்ததே. ஆயினும் அவனே சொல்லும்வரை ஆண்டவர் காத்திருந்தார். குருத்துவப் பயிற்சியில் நோயாளரைச் சந்திக்கும் முறையைக் கற்பிக்கும் நாம், ஜெபிப்பதற்கு முன் இவ்வாறு கேட்கவும், கேட்ட சொல் நமக்குப் பிடிக்காததாயிருந்தாலும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கவும் கற்பிக்க வேண்டும். நம் சபைகள் முன்கூட்டி எழுதும் சிகிச்சை விருப்பத்தைப்பற்றி வெளிப்படையாகப் பேசவேண்டும். நம் மிஷன் மருத்துவமனைகள் வலிதணிக்கும் மருந்தை இறுதிநிலை நோயாளருக்குத் தவறாமல் கிடைக்கச் செய்யவேண்டும். இவற்றைச் செய்த பின்னரே சட்டத்தைப்பற்றித் திருச்சபை கூறும் சொல்லை நோயாளிகள் நம்புவர்.